"ராத்திரி தங்குகிற ஆண் யார்?": ஆன்லைன் கடையும் இலவசச் சட்ட உதவி மையமும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறேன். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். வீட்டில் பேசுவது தமிழ், ஆபீஸ் காகிதமெல்லாம் மலையாளம். என் கணவர் 2019இல் இறந்துவிட்டார். ஒரே மகள், தமிழ் மீடியத்தில் படிக்கிறாள். தையல் வேலையும் விதவை பென்ஷனும்தான் எங்கள் வருமானம். நான் சொல்லப்போகிற பிரச்சினை வந்தபோது பென்ஷன் மாதம் 1600 ரூபாய். 2025 நவம்பரிலிருந்துதான் 2000 ஆனது.

2025 தொடக்கத்தில் எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. அதற்காக இரண்டு இடங்களுக்குப் போனேன். என் மாதிரி தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்கள் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2024 நவம்பரில் கேரளத்தில் ஒரு செய்தி வந்தது நினைவிருக்கும். 1458 அரசு ஊழியர்கள் ஏழைகளுக்கான பென்ஷனை வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று நிதித்துறை கண்டுபிடித்தது. அது வெளியே வர வேண்டிய விஷயம்தான். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் பென்ஷன் வாங்குகிற யாரைப் பார்த்தாலும் சந்தேகம். என் வீட்டில் ஒரு ஆண் தங்குகிறார், நான் மறுமணம் செய்ததை மறைத்துவிட்டேன் என்று யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். பென்ஷனை நிறுத்திவிட்டு, விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினார்கள்.

அந்த ஆண் என் கூடப்பிறந்த அண்ணன். பொள்ளாச்சிப் பக்கம் அவருக்குச் சொந்த வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். குட்டியானை ஓட்டுகிறார். எங்கள் பக்கத்துத் தோப்புகளில் விடியற்காலையில் தேங்காய் லோடு ஏற்ற வேண்டும் என்பதால் வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி என் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வார். வண்டி வாசலில் நிற்கும். அவர் லுங்கி கொடியில் காயும். இவ்வளவுதான் விஷயம்.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு முதலில் போனது கடைவீதியில் இருக்கிற ஒரு தனியார் ஆன்லைன் கடைக்கு. அக்ஷயா என்கிற கேரள அரசின் இ-சேவை மையம் இல்லை, போட்டோஸ்டாட் எடுத்து, விண்ணப்பமும் எழுதிக் கொடுக்கிற கடை. அங்கே இருந்த பையன் நோட்டீஸை ஒரு நிமிஷம் பார்த்தான். "ஒரு அஃபிடவிட் போட்டா போதும் சேச்சி" என்றான். ஸ்டாம்ப் பேப்பரோடு சேர்த்து 600 ரூபாய். மலையாளத்தில் அரைப் பக்கம் அடித்து, கையெழுத்துப் போடச் சொன்னான். எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். கடையில் கூட்டம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் எழுதறதுதான்" என்றான். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

என் தையல் வாடிக்கையாளர் ஒருவர், குடும்பஸ்ரீ என்கிற பெண்கள் சுயஉதவி அமைப்பில் இருப்பவர், இலவசச் சட்ட உதவி தருகிற தாலுகா சட்ட சேவைக் குழுவுக்குப் போகச் சொன்னார். கோர்ட் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. கோர்ட் என்றதும் பயம்தான். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் எங்கே போவது? ஆனால் 1987ஆம் ஆண்டுச் சட்ட சேவைகள் ஆணையச் சட்டத்தில் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றே பார்க்காமல் இலவச உதவி உண்டாம். இத்தனை வருஷம் இது எனக்குத் தெரியாது. நுழைந்ததும் பெயர், விலாசம், என்ன பிரச்சினை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்க அக்கா" என்றார் அங்கிருந்த தன்னார்வலர் பெண். அவருக்குத் தமிழ் நன்றாகவே வந்தது. 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழும் கன்னடமும் பேசுகிற சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்றும் சொன்னார்.

அவர் அந்த அஃபிடவிட்டை வாங்கி வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினார். "என் வீட்டில் எந்த ஆணும் தங்குவதில்லை, வருவதும் இல்லை" என்று எழுதியிருந்தது! எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. அண்ணன் வந்து தங்குவது தெருவுக்கே தெரியும். இதைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் பொய்ச் சத்தியம் செய்தவள் ஆகியிருப்பேன். ஒன்றும் செய்யாமலே குற்றவாளி ஆகியிருப்பேன். 600 ரூபாய் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் குழுவின் வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு. பென்ஷன் விதியில் என்ன இருக்கிறது? மறுமணம் செய்யக் கூடாது என்று இருக்கிறது. வீட்டுக்கு ஆண் வரக் கூடாது என்றா இருக்கிறது? "ஆண் வருகிறார் என்பதை மறுக்காதீர்கள். அவர் யார் என்பதைக் காட்டுங்கள்" என்றார். அதுவரை ஒரு ஆள் இல்லை என்பதை எப்படி நிரூபிப்பது என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போயிருந்தது. அண்ணன்தான் என்று நிரூபிப்பது முடிகிற காரியம்.

முடிகிற காரியம் என்றாலும் சுலபம் இல்லை. அண்ணனின் ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் தமிழ்நாட்டில். என்னுடையது எல்லாம் கேரளத்தில். பள்ளிச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். இங்கே கல்யாணம் ஆகி வந்த பிறகு ரேஷன் கார்டில் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர். ஆதாரில் மூன்றாவதாக ஒரு எழுத்து. நம் பெயரில் இருக்கிற ழகரம் ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு மாதிரி ஆகியிருக்கும், எல்லைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது புரியும். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீஸில் ஒரு சான்று தருகிறார்கள். உறவுமுறைச் சான்று என்று இன்னொன்றும் இருக்கிறது. இரண்டுக்கும் அக்ஷயா வழியாக விண்ணப்பித்தேன். எங்கள் இரண்டு பேருடைய பள்ளி டி.சி.யிலும் ஒரே அப்பா பெயர், ஒரே ஊர் இருந்ததுதான் கடைசியில் கை கொடுத்தது. அந்த டி.சி.யை அண்ணி பரணில் ஏறித் தேடி எடுத்துக் கொடுத்தார்.

இதோடு கணவரின் இறப்புச் சான்று, நானும் மகளும் மட்டும் இருக்கிற ரேஷன் கார்டு, ஒவ்வொரு வருஷமும் நான் கொடுத்து வந்த மறுமணம் செய்யவில்லை என்ற சான்றின் நகல்கள். 60 வயதுக்குக் கீழே இருக்கிற விதவைகள் அதைக் கொடுத்தாக வேண்டும், அதனால் நகல் எடுக்காமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மகளின் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு முன்னேற்ற அறிக்கைகளையும் தன்னார்வலர் கொண்டுவரச் சொன்னார். பெற்றோர் கையெழுத்து இடத்தில் எல்லாப் பருவத்துக்கும் என் கையெழுத்துதான். அதைப் பார்த்தபோது எனக்கே அழுகை வந்தது.

விசாரணைக்கு முன் வீட்டைப் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். கொடியில் இருந்த லுங்கியைப் பார்த்தார்கள், மகளைத் தனியாகக் கூப்பிட்டு ராத்திரி யார் தங்குவது என்று கேட்டார்கள். "மாமா" என்று சொல்லியிருக்கிறாள். தாய்மாமனை வேறு எப்படிச் சொல்வாள்? அந்த வார்த்தைக்கு அவர்கள் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள் என்பது விசாரணையில்தான் தெரிந்தது. பிள்ளையிடம் இதைக் கேட்டது தவறு. யார் கேட்டிருந்தாலும் தவறுதான்.

விசாரணை அன்று தன்னார்வலர் கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். புகாரில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கினோம். யார் எழுதினார் என்பது அதில் இல்லை, எனக்கு அது தேவையும் இல்லை. அண்ணன் அண்ணியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். காகிதங்களை அடுக்கி, எது எதற்கு என்று தமிழில் நான் சொல்ல, தன்னார்வலர் மலையாளத்தில் சொன்னார். இருபது நிமிஷத்தில் முடிந்தது. நோட்டீஸ் வந்து நான்கு மாதம் கழித்து பென்ஷன் திரும்ப வந்தது. நிறுத்தி வைத்ததில் இரண்டு மாதப் பணம் இன்னும் வரவில்லை. அதற்கும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

சட்ட உதவி மையத்தில் குறை இல்லாமல் இல்லை. வக்கீல் அம்மாவைப் பார்க்க இரண்டு முறை அரை நாள் காத்திருந்தேன், தையல் வேலை கெட்டது. தூரத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணுக்கு போன் செய்து கேட்டுக்கொண்டு போவது நல்லது. ஆனால் கடைசி வரை ஒரு ரூபாய் வாங்கவில்லை. டீ வாங்கிக் கொடுக்கிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றார்கள். என்ன எழுதுகிறோம் என்று படித்துக் காட்டாமல் எதிலும் கையெழுத்து வாங்கவில்லை. அந்த ஆன்லைன் கடைக்கு இனி போட்டோஸ்டாட் எடுக்கக்கூடப் போக மாட்டேன்.

புகார் வந்த நாளிலிருந்து அண்ணன் ராத்திரி தங்காமல் தேங்காய்க் களத்திலேயே வண்டிக்குள் படுத்துக்கொண்டிருந்தார். உத்தரவு கைக்கு வந்த அன்றே போன் செய்து வரச் சொன்னேன். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்தார். வண்டியை மட்டும் கொஞ்சம் தள்ளி நிறுத்தட்டுமா என்று கேட்டார். வாசலிலேயே நிறுத்துங்கள் என்றேன்.