கன்றுக்குட்டிக்குக் கட்டியா, பொடியா?

பெங்களூர் அல்சூர் பக்கம், ஜோகுபாளையத்துக் கொட்டகை ஒன்றில் நான்கு மாதக் கிடாரிக் கன்று. கண்ணைச் சுற்றி மயிர் கொட்டி, மூக்கோரமும் முழங்காலும் தடித்து வெடித்திருந்தன. தாது உப்புக் குறைபோலத் தெரிந்தது. "உப்புக்கட்டி தொங்கவிட்டுத்தானே இருக்கேன், தம்பி?" என்றார் மாட்டுக்கார அக்கா.

தொங்கிய உப்புக்கட்டியைத் தடவிப் பார்த்தேன். தாய்மாடு நிற்கும் பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. கன்று நிற்கும் பக்கம் சொரசொரப்பு அப்படியே இருந்தது. பெரியது இடித்துத் தள்ளினால் சின்னது எங்கே நக்கும்? போதாததற்கு, பல கட்டிகளில் பெரும்பங்கு சாதா உப்புதான். உப்பு ஆசை தீர்ந்ததும் மாடு நக்குவதை விட்டுவிடும். மலிவு, வேலை மிச்சம் என்பதுதான் கட்டியின் பெருமை.

பொடிக்கு, அதாவது தாது உப்புக் கலவைக்கு, அளவு நம் கையில். மாட்டுத் தாது உப்புக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 1664-இன்படி துத்தநாகம் குறைந்தது 0.8 சதவீதம் இருக்கவேண்டும். தீவனம் தின்னும் கன்றுக்குத் தினம் 20 கிராம் என்றால் 160 மில்லிகிராம் துத்தநாகம் உள்ளே போகிறது. தோல் தடிப்பு ஆற வேண்டியது அதுதான். தாமிரமும் கூடவே போகும். அது குறைந்தால் கறுப்பு மயிர் செம்பட்டையாகி, கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்டதுபோல வெளிறும். மார்க்கெட்டிலிருந்து அள்ளி வரும் கோஸ், காலிஃப்ளவர் தழையில் கந்தகம் அதிகம். அது தாமிரத்தை உடம்பில் சேரவிடாது. பொடியில் ஒரே தொல்லை, வாடை பிடிக்காமல் கன்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தண்ணீரில் கொட்டினால் வாளி அடியில் தங்கிவிடும். ஈரத் தவிட்டில் துளி வெல்லத்தோடு பிசைந்து வைக்கவேண்டும். பெங்களூர் ஆடுகோடியில் இருக்கும் தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் எந்தப் பகுதியில் எந்தத் தாது குறைவு என்று பார்த்து அதற்கேற்ற கலவைகளை உருவாக்கியிருக்கிறது. கிடைத்தால் அதுவே மேல்.

தாமிர ஊசி சீக்கிரம் வேலை செய்யும். கொஞ்சம் கூடினால் விஷம். டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது. மாட்டுப் பொடியைச் செம்மறிக் குட்டிக்கும் போடாதீர்கள், ஈரலில் தாமிரம் சேர்ந்து செத்துப்போகும்.

எதை வாங்கும் முன்பும் தோலைப் பாருங்கள். வட்ட வட்டமாகச் சாம்பல் பொருக்கு என்றால் அது படர்தாமரை, நமக்கும் ஒட்டும். ஓயாமல் சுவரில் தேய்த்தால் சொறிப்பூச்சி. இரண்டுக்கும் தாது உப்பு மருந்தாகாது. துத்தநாகக் குறை பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி வரும். எச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன்) என்ற சீமை மாட்டு ரத்தமுள்ள கன்றுக்கு ஒன்றிரண்டு மாதத்திலேயே இப்படி ஆனால், குடல் துத்தநாகத்தை உறிஞ்சாத பிறவிக் கோளாறாகவும் இருக்கலாம். பொடியின் அளவு அதற்குக் காணாது.

இந்தக் கன்றைப் பார்த்த டாக்டர் பொடிதான் எழுதினார். மூன்றாவது வாரம் மூக்கோரப் பொருக்கு உதிர்ந்து, அடியில் புதுமயிர். கட்டியை அக்கா கழற்றவில்லை, "பெரியதுக்கு இருக்கட்டும்" என்றார். கன்றுக்கு மட்டும் தனி வாளி.