மருத்துவர் போராட்டம், ஆசிரியர் போராட்டம்: மக்கள் யார் பக்கம்?

இரண்டுமே சம்பளத்துக்கான வேலைநிறுத்தம்தான். ஆனால் மக்களின் ஆதரவு இரண்டுக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை.

மருத்துவர்கள் மீது மரியாதை அதிகம். ஆனால் நாள் குறித்த அறுவை சிகிச்சை தள்ளிப்போனால் அந்த மரியாதை பயமாக மாறிவிடுகிறது. இங்கிலாந்தில் இளநிலை மருத்துவர்கள் 2023 மார்ச்சில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். விலைவாசியோடு ஒப்பிட்டால் 2008-லிருந்து சம்பளம் கால்வாசிக்கு மேல் தேய்ந்துவிட்டது என்றார்கள். கேட்டது 35 சதவீதம். காரணம் தெரியாதவர்களுக்கு அந்த எண் பேராசையாகத்தான் தெரியும். 2024 செப்டம்பரில், இரண்டு ஆண்டுக்கும் சேர்த்துச் சராசரியாக 22.3 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். அந்த வேலைநிறுத்த நாட்களில் அவசர சிகிச்சையை மூத்த மருத்துவர்கள் கவனித்துக்கொண்டார்கள். இதை மக்களிடம் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்பேன்.

ஆசிரியர் போராட்டத்தில் உயிர் பயம் இல்லை. பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்ற தவிப்புதான். அதுவும் சின்ன விஷயமில்லை; தினக்கூலிக்குப் போகும் தாய்க்கு அன்றைய வருமானமே போய்விடும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 2018-ல் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது 55 கவுண்டிகளிலும் (நம்மூர் மாவட்டம் போன்றவை) அரசுப் பள்ளிகள் மூடின. பள்ளிச் சாப்பாட்டை நம்பியிருந்த பிள்ளைகளுக்கு ஆசிரியர்களே உணவு கட்டிக் கொடுத்தார்கள். பெற்றோர் மனதை இதைவிட எது தொடும்? கடைசியில் 5 சதவீத உயர்வு வந்தது. அவர்களுக்கு மட்டுமல்ல, அந்த மாநிலத்தின் மற்ற அரசு ஊழியர்களுக்கும்.

என் கணிப்பில், ஆதரவை நீண்டநாள் தக்கவைப்பது ஆசிரியர்களுக்கே எளிது. பெற்றோர் அவர்களை அடிக்கடி நேரில் பார்க்கிறார்கள், பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருக்கிறார்கள். மருத்துவரையோ நோய் வந்தால்தான் பார்க்கிறோம்.