கனடாவின் ஐவர் குழு அகதி ஆதரவுத் திட்டம்: மனிதநேயம் பெரிது, படிவம் கறார்

குடிமக்களோ நிரந்தர வசிப்பாளர்களோ ஐந்து பேர் சேர்ந்தால் ஓர் அகதிக் குடும்பத்தையே வரவழைக்கலாம். உலகில் அரிதான வாய்ப்பு இது. வந்த நாள் முதல் 12 மாதம் வாடகை, உணவு, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை எல்லாம் குழுவின் பொறுப்பு.

ஐ.நா. அகதிகள் அமைப்பான யுஎன்எச்சிஆரோ, அகதி தங்கியிருக்கும் நாட்டின் அரசோ தந்த அகதி அங்கீகாரச் சான்று வேண்டும். புகலிடம் கோரிய பதிவுச் சீட்டு மட்டும் போதாது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

அதைவிட வலிப்பது குடும்பப் பட்டியல். காணாமல்போன மகன், பிரிந்து வாழும் மனைவி, யாரையும் விடாமல் முதல் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். எழுதியிருந்தால், வந்து ஓராண்டுக்குள் அவர்களையும் அழைக்க வழியுண்டு. விட்டுப்போன பெயர் பின்னால் தடையாக வந்து நிற்கும். கையொப்பம் ஒன்று குறைந்தாலும் விண்ணப்பக் கட்டு திரும்பி வரலாம்.

2024 நவம்பரில் புதிய விண்ணப்பங்களை நிறுத்திவைத்தார்கள். பணம் திரட்டுமுன் இன்றைய நிலையை விசாரியுங்கள்.