பிளாஸ்டிக் கட்டை: பலப்படுத்தலாமா, மாற்றிவிடலாமா?

விலை குறைந்த .22 ரைபிள்கள் பெரும்பாலும் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கட்டையோடுதான், அதாவது தோளில் வைத்துக் கையால் பிடிக்கும் உடல்பகுதியோடுதான் வருகின்றன. ஆண்டு முழுக்கக் காற்றில் ஈரம் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும் சிங்கப்பூரில், ஊறாத கட்டை பெரிய வரம். குறை குழலுக்கு அடியிலுள்ள முன்கட்டையில் இருக்கிறது. உள்ளே வெறும் கூடும் மெல்லிய குறுக்குச் சட்டங்களும்தான். படுத்துச் சுடும்போது, துப்பாக்கியைக் கையோடு இறுக்கும் கைவார் இழுத்தால் அது வளைந்து குழலைத் தொடும். 50 மீட்டரில் குண்டு விழும் இடம் ஒரு பக்கமாக நகரும்.

காசு செலவழிக்கும் முன் இரண்டு சோதனைகள். இரண்டாக மடித்த ஏ4 தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஓட்டிப் பாருங்கள். வாரை இறுக்கிக்கொண்டு மறுபடியும் ஓட்டுங்கள். முதலில் ஓடி, பிறகு சிக்கினால் நோய் முன்கட்டையில். அடுத்து, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜைக் கட்டையில் பொருத்தி, அதன் முனையைக் குழலில் வைத்து, குழலின் பின்னாலுள்ள இயக்கப் பகுதியான ஆக்‌ஷனைக் கட்டையோடு பிணைக்கும் முன் திருகாணியைத் தளர்த்துங்கள். முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் ஆக்‌ஷன் சரியாக உட்காரவில்லை, திருகாணி அதை வளைத்துப் பிடிக்கிறது என்று பொருள்.

இருக்கும் கட்டையையே பலப்படுத்துவதுதான் மலிவு. முன்கட்டையின் கூட்டுக்குள் நீளவாக்கில் இரண்டு கார்பன் அல்லது அலுமினியக் குழாய்களைப் படுக்கவைத்து எபாக்சி ஊற்ற வேண்டும். இங்கேதான் பலர் தோற்கிறார்கள். பாலிப்ரொப்பிலீனில் எபாக்சி ஒட்டவே ஒட்டாது, நைலானில் அரைகுறைதான். 60 எண் உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சட்டங்களில் 3 மில்லிமீட்டர் துளைகள் போடுங்கள். பசை துளைக்குள் புகுந்து பூட்டிக்கொள்ளும். ஒரே தடவையில் நிறைய ஊற்றினால் இறுகும்போது வரும் சூடு பிளாஸ்டிக்கையே வளைத்துவிடும். இரண்டு மூன்று தவணையாக ஊற்றுங்கள்.

திருகாணிச் சோதனையில் தவறியவற்றுக்கு திருகாணியைச் சுற்றி நிற்கும் அலுமினியத் தூணும், ஆக்‌ஷன் அச்சாகப் பதியும் எபாக்சிப் படுக்கையும் வேண்டும். திருகாணி தூணின் உட்சுவரைத் தொடக்கூடாது. ஆக்‌ஷனில் மெழுகு பூசுங்கள், ஓட்டைகளைக் களிமண்ணால் அடையுங்கள். ஒன்றை விட்டாலும் ஆக்‌ஷன் கட்டையோடு ஒட்டிப்போகும். உதைப்பைத் தாங்கும் லக் இருந்தால் அதன் முன்புறம், பக்கங்கள், அடிப்புறம் மூன்றிலும் இரண்டு சுற்று டேப். பின்முகம் மட்டும் வெறுமையாக எபாக்சியில் பதிய வேண்டும். இறுகும்வரை திருகாணியை முறுக்காதீர்கள், ஆக்‌ஷன் தன் எடையிலேயே உட்காரட்டும். 24 மணி நேரம் அசைக்கக்கூடாது. இங்கே துப்பாக்கி கிளப்பின் ஆயுத அறையில்தான் இருக்கும் என்பதால், அந்த ஒரு நாளுக்கான இடத்தைப் பொறுப்பாளரிடம் முன்பே பேசிவையுங்கள். கழற்றிய கட்டையை வெளியே எடுத்துப்போவதும் அவரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

மாற்றுவதென்றால், ஒட்டுமரக் கட்டை அழகு, விறைப்பு, கைக்கு இதம். ஆனால் வெளியே வார்னிஷ் மின்னினாலும், குழல் பள்ளமும் திருகாணித் துளைகளும் தோளில் படும் பின்பட்டைக்கு அடியிலுள்ள வெட்டுமுகமும் பூசப்படாமல் வந்தால் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். அதை அடைக்காமல் பயன்படுத்துவது வீண். ஃபைபர்கிளாஸ் கட்டைக்கு அந்தக் கவலை இல்லை, எடையும் குறைவு. விலை அதிகம், படுக்கை வேலை பெரும்பாலும் அதற்கும் வேண்டும்.

கட்டைக்குப் பதிலாக வரும் உலோகச் சட்டகமான அலுமினியச் சேசிஸில் ஆக்‌ஷன் கடைந்த பள்ளத்தில் நேராக உட்காரும். எபாக்சி பெரும்பாலும் தேவையில்லை. அதன் உண்மையான பலன் கன்னப்பலகையையும், தோளிலிருந்து விசை வரையான பின்நீளத்தையும் உடலுக்கேற்ப மாற்றலாம் என்பது. கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படாவிட்டால் எந்தப் படுக்கையும் காப்பாற்றாது. எடை கூடும், வியர்வை பட்டு இரும்புத் திருகாணிகள் துருப்பிடிக்கும், துடைத்து எண்ணெய் தடவுங்கள். பெரிய ரைபிள் சேசிஸ்களுக்குச் சொல்லும் 65 இன்ச் பவுண்டு, அதாவது 7.3 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தை .22க்குக் கொடுக்காதீர்கள், மரை கழன்றுவிடும். உங்கள் ரைபிளின் கையேட்டு அளவே சரி.

கட்டை உடலுக்குப் பொருந்தி, வளைவு மட்டும்தான் குறை என்றால் எபாக்சியும் தூணும் போதும்; சேசிஸுக்குக் கொடுக்கும் வெள்ளியைத் தோட்டாவுக்குக் கொடுங்கள். கழுத்தை நீட்டித்தான் குறி தெரிகிறது என்றால் பிளாஸ்டிக்கோடு போராடாமல் சேசிஸ் வாங்குங்கள். இணையத்தில் ஆர்டர் போடும் முன் அந்த உதிரிபாகத்தை இறக்குமதி செய்யலாமா என்று போலீஸ் உரிமப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.