ஊவாப் பத்தனையில் ராம் பம்ப்: ஒரு கறவை மாட்டுக்காரரின் மதிப்பீடு

இலங்கையின் ஊவாவில், வெலிமடைக்கும் பண்டாரவளைக்கும் இடையே பத்தனை எனும் மலைப் புல்வெளியில் மாடு வளர்ப்பவர்களுக்குப் புல்லைவிடத் தண்ணீரே பெருங்கவலை. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டி வறண்ட கச்சான் காற்றாக ஊவாவுக்குள் இறங்குவதால், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மேட்டு மானாப்புல் காய்ந்து, பள்ளத்து ஓடையில் மட்டுமே நீர் நிற்கும். பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர்தான் என்பதால், மாடு தாகத்தோடு நின்றால் கறவையில் உடனே தெரிந்துவிடும். அமெரிக்க உயர்சமவெளிப் பண்ணைக்காரர்கள் காற்றாலை நாட்டி நிலத்தடி நீரை இறைத்தார்கள். நமக்கோ கண்ணெதிரே ஓடும் நீரை மேலே ஏற்றுவதுதான் பெரும்பாடு.

அதற்காக நகரத்துப் பட்டறை ஒன்றில் ராம் பம்ப் வாங்கிப் பொருத்தினேன். இதற்கு டீசலோ மின்சாரமோ வேண்டியதில்லை. ஓடையில் சிறு அணை கட்டி, இரும்புக் குழாய் வழியே நீரைச் சரிவாக இறக்கினால், வேகம் பிடித்த நீர் கழிவு வால்வைச் சட்டென மூடிவிடும். அப்போது எழும் அழுத்தம் ஒரு பங்கு நீரைக் காற்றறைக்குள் தள்ளி மேட்டுக்கு ஏற்றும். 1796இல் பிரான்ஸில் ஜோசப் மொங்கொல்ஃபியே உருவாக்கிய பம்பும் இந்த அடிப்படையில்தான் இயங்கியது.

என் இடத்தில் வீழ்ச்சி 3 மீற்றர், ஏற்றம் 30 மீற்றர். நிமிடத்துக்கு 30 லீற்றர் உள்ளே போனால், 2 லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே பட்டித் தொட்டிக்கு வருகிறது. மீதி ஓடைக்கே திரும்புகிறது. இதைக் குறையாகக் கருதவேண்டாம். இரவும் பகலும் ஓய்வின்றி ஓடுவதால் ஒரு நாளில் சுமார் 2,500 லீற்றர் சேர்ந்துவிடுகிறது. ஒரு சிறு பட்டிக்கு அது தாராளம்.

குறை பட்டறையின் வேலையில்தான் இருக்கிறது. காற்றறையிலுள்ள காற்று நீரில் சிறிது சிறிதாகக் கரைந்துவிடும் என்பதால், அதை ஈடுசெய்ய, காற்றறைக்குள் நீரை விடும் வால்வுக்குச் சற்றுக் கீழே ஊசிமுனைத் துளை ஒன்று அவசியம். எனக்கு விற்ற பம்பில் அது இல்லை. மெத்தென்ற தட்டல் ஓசை சில வாரங்களில் இரும்பில் அடிப்பதுபோல் மாறி, குழாய் மூட்டுகள் அதிரத் தொடங்கின. துளை போட்ட பின்னரே அது அடங்கியது. கழிவு வால்வின் றப்பர் வாஷரும் விரைவில் தேய்வதால், வாங்கும்போதே மேலதிகமாக இரண்டைக் கேட்டுப் பெறுங்கள்.

வாங்குவதற்கு முன், மழைக்காலத்து ஓடையை நம்பாமல், ஆகஸ்ட் மாதத்தில் வாளி வைத்து நீரோட்டத்தை அளந்து பாருங்கள். அந்த மாதத்தில் வற்றிவிடும் ஓடைக்கு இந்தப் பம்ப் வீண்செலவு. வற்றாத ஊற்றாயின், மாடு மிதிக்காதபடி ஊற்றுக்கண்ணைச் சுற்றி வேலியடைத்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.