ஃப்ளெக்ஸ் கடையா, தனி டிசைனரா, ஏஜென்சியா? சேலத்துச் சிறுதொழிலுக்கான ஓர் ஒப்பீடு

ஏற்காட்டில் சில ஏக்கரில் காபியும் மிளகும் வைத்திருக்கும் ஒரு குடும்பம், கொட்டையை மூட்டையாக வியாபாரிக்குப் போடுவதை நிறுத்திவிட்டு, வறுத்து அரைத்துத் தன் பெயரிலேயே விற்க முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்ப்பேட்டையில் பிற ஊர்க் கடைகளுக்குக் கொலுசு செய்து கொடுத்துவந்த பட்டறைக்காரருக்கும், வடமாநிலங்களுக்கு ஜவ்வரிசி அனுப்பும் ஆலைக்காரருக்கும் இதே எண்ணம் வரலாம். மூவரும் கேட்கும் முதல் கேள்வி, லோகோவை யாரிடம் கொடுப்பது என்பதுதான். ஊரில் உள்ள ஃப்ளெக்ஸ் அல்லது டிடிபி கடை, தனியாகத் தொழில் செய்யும் டிசைனர், கோவை அல்லது பெங்களூரு ஏஜென்சி, இணையத்தில் நாமே மாற்றிச் செய்துகொள்ளும் வார்ப்புருக்கள் (டெம்ப்ளேட்கள்) என்று நான்கு வழிகள் உள்ளன. எது சிறந்தது என்பதற்குப் பொதுவான விடை இல்லை. நம் சின்னம் எந்தப் பொருளின் மேல், எந்த அளவில், எந்த முறையில் அச்சாகப் போகிறது என்பதை நாம் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால், விடை பெரும்பாலும் தானாகவே கிடைத்துவிடும்.

அந்தத் தாளில் முதலில் வர வேண்டியது பெயர். வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் பெயரைக் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். பதிவுக்காகப் பொருள்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; காபி, மிளகு, ஜவ்வரிசி ஆகியவை 30-ஆம் வகுப்பிலும் வெள்ளி நகை 14-ஆம் வகுப்பிலும் வருகின்றன. தனிநபரும் சிறுநிறுவனமும் இணையவழியில் விண்ணப்பித்தால் வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய் கட்டணம்; பிறருக்கு 9,000 ரூபாய். இந்தத் தேடலைச் செய்யாமல் டிசைனருக்கு அட்வான்ஸ் கொடுப்பது, பிறகு பெயரையே மாற்ற நேர்ந்தால், முழு வேலையையும் இரண்டாம் முறை செய்யவைக்கும்.

அடுத்து, பொதியின் மேல் சட்டப்படி இருக்க வேண்டியவை: 14 இலக்க உணவு உரிம எண், சைவக் குறியான பச்சை வட்டம், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் முகவரி, நுகர்வோர் தொடர்பு விவரம். காபியில் சிக்கரி கலந்திருந்தால் இரண்டின் விழுக்காட்டையும் அச்சிட்டே ஆக வேண்டும். சிக்கரி 49 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இவற்றுக்கெல்லாம் இடம் ஒதுக்கிய பிறகு 100 கிராம் பவுச்சில் எஞ்சும் இடம் எவ்வளவு சிறியது என்பதை ஒரு வெள்ளைத் தாளை அந்த அளவுக்கு வெட்டி, கையால் எழுதிப் பார்த்தால் புரியும். இதை டிசைனரைத் தேடும் முன்பே செய்து பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துவேன்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். ஃப்ளெக்ஸ் கடையில் கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளைத் திறந்து வைத்திருக்கும் தம்பியின் அருகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்குங்க, பச்சையைக் குறைங்க" என்று சொல்லச் சொல்ல, அன்று மாலைக்குள் வேலை முடிந்துவிடும். வடிவமைப்புக்கான கூலி பெரும்பாலும் அச்சுக் கூலிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. எந்த மை எந்தத் தாளில் எப்படி மங்கும், தமிழ் எழுத்தின் கொம்பும் சுழியும் எந்த அளவுக்குக் கீழே அடைந்துபோகும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். இந்த அறிவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் அவருக்கு நேரமில்லை. வரிசையில் கல்யாண பேனரும் காதணி விழா பத்திரிகையும் காத்திருக்கும்போது, ஏற்கெனவே சேமித்து வைத்த காபிக் கோப்பையையும் இலையையும் எடுத்து வைப்பதைத் தவிர அவரால் வேறு எதுவும் செய்ய இயலாது. அதே கோப்பை பக்கத்து ஊர்க் காபித்தூள் பாக்கெட்டிலும் இருக்கக்கூடும்.

தனி டிசைனர் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறார். நல்லவராக இருந்தால் வரையத் தொடங்கும் முன் கேள்வி கேட்பார்: யார் வாங்குகிறார்கள், ஏற்காடு ஏரிக்கரையில் சுற்றுலா வருபவரா, சேலத்தில் மாதந்தோறும் அரைக் கிலோ வாங்கும் வீட்டுக்காரரா? முன்னவருக்கு மலையின் நினைவு வேண்டும். பின்னவருக்கு அரவையும் சிக்கரி அளவும் தெளிவாகத் தெரிய வேண்டும். கேள்வியே கேட்காமல் மறுநாள் ஐந்து லோகோ அனுப்புபவரை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன், அவை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அவருடைய முந்தைய வேலைகளைப் பார்க்கும்போதும் திரைப் படத்தோடு நிற்காமல், அச்சாகிக் கடைக்கு வந்த பொதியையே கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். பவுச்சைக் கிராவூர் முறையில், அதாவது செதுக்கிய உருளையால், அச்சிட்டால் நிறத்துக்கு ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும். எட்டு நிறத்தில் வரைந்தால் அந்தச் செலவு முழுவதும் நம் தலையில் விழும். அச்சு அனுபவம் உள்ளவர் முதல் சரக்குக்கு வெறும் பவுச்சில் ஸ்டிக்கர் போதும் என்று அவராகவே சொல்வார். தமிழில் எழுத்து அமைக்கத் தெரியுமா என்பதையும் கேட்டாக வேண்டும். ஆங்கிலப் பெயரை அழகாக வரைந்துவிட்டு, தமிழுக்கு ஏதோ ஒரு எழுத்துருவை ஒட்டிவிடுபவர்கள் பலர். தமிழகத்தில் கடைப் பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதியாக இருக்க, தமிழ் வடிவத்தைக் கடைசியில் சேர்ப்பது சரியான முறையாகாது. இவரிடம் உள்ள குறை, தனி ஆள் என்பதே: உடல்நிலை சரியில்லை என்றாலோ பெரிய வேலை வந்துவிட்டாலோ நம் வேலை நின்றுவிடும்.

ஏஜென்சியில் ஆய்வு, பெயர் சூட்டல், புகைப்படம், இணையதளம் என எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. கட்டணமும் அதற்கேற்ப உயரும், பெரும்பாலும் அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும். பல கிளைகள் திறக்கத் திட்டமிடுபவருக்கு இது தகும். ஆண்டுக்குச் சில மூட்டை காபி விற்பவருக்குத் தகாது. இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. 1820-களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்ற வரலாறு விளம்பரத்துக்கு மிகவும் ஏற்றது. அதை மலையின் கதையாகச் சொல்லலாம். ஆனால் சென்ற ஆண்டு தொடங்கிய நம் நிறுவனத்தின் வயதாக அதைக் காட்ட ஏஜென்சி சொன்னால் மறுத்துவிட வேண்டும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் கிடைத்த புவிசார் குறியீடும் இதைப் போன்றதே. அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்தவரே அந்த முத்திரையைப் பயன்படுத்த முடியும்.

இணைய வார்ப்புருக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் எடுப்பதையே ஆயிரம் பேர் எடுக்கலாம். கேன்வா என்ற வடிவமைப்பு இணையதளத்தின் உரிம விதிகளே அதன் வார்ப்புரு லோகோவை வணிகச் சின்னமாகப் பதிய இடம் தருவதில்லை. சந்தையில் பொருள் போகுமா என்று சோதிக்கும் முதல் மாதத்துக்கு மட்டும் இது போதும்.

என் தேர்வைச் சொல்கிறேன். காபிக் குடும்பத்துக்குப் பொதி வடிவமைப்பில் அனுபவமுள்ள தனி டிசைனர் ஏற்றவர். அச்சு வேலை சேலத்துக் கடையிலேயே நடக்கட்டும், இருவரும் தொடக்கத்திலேயே ஒருமுறை பேசிக்கொள்ளட்டும். கொலுசுக்காரர் முதலில் போக வேண்டியது டிசைனரிடம் அல்ல, வெள்ளியில் முத்திரை அடிக்கும் டையை (உலோக அச்சை) வெட்டுபவரிடம். கொக்கி அருகே அடிக்கும் முத்திரை சில மில்லிமீட்டர்தான். மெல்லிய கோடுகள் உள்ள எந்தச் சின்னமும் அங்கே வெறும் புள்ளியாகிவிடும். ஆகவே அந்த அளவில் தெரியும் எழுத்தை முடிவு செய்துவிட்டு, அதைப் பெட்டிக்கும் பலகைக்கும் விரித்துத் தரும்படி டிசைனரைக் கேட்கலாம். ஜவ்வரிசிக்காரரின் சரக்கு மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களுக்குப் போவதால், தேவநாகரி எழுத்தில் வேலை செய்தவர் வேண்டும். அப்படிப்பட்ட தனி டிசைனர் கிடைக்காவிட்டால் மட்டும் ஏஜென்சியை நாடலாம்.

யாரைத் தேர்ந்தெடுத்தாலும் உரிமையைக் காகிதத்தில் வாங்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வைத்த ஊழியர் வேலையின் பகுதியாக வரைந்தால் உரிமை முதலாளிக்கு. வெளியாள் வரைந்த லோகோவுக்கு, நாம் பணம் கொடுத்திருந்தாலும், பொதுவாக வரைந்தவரே முதல் உரிமையாளர். எழுத்து மூலம் கையெழுத்திட்டு மாற்றித் தந்தால்தான் அது நமக்கு வரும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். எனவே உரிமை மாற்றப் பத்திரம், எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் மங்காத, திருத்தக்கூடிய வெக்டர் கோப்பு, நிறங்களின் அச்சு எண்கள், பயன்படுத்திய எழுத்துருக்களின் பெயரும் உரிமமும் ஆகிய நான்கும் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுப்பது என்று முதல் நாளிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.