ஐட்லிங்கில் அணைந்துபோகும் பழைய பிக்கப்: பாகத்தை மாற்றிப் பார்ப்பதா, அளந்து பார்ப்பதா?

சிக்னலில் ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், நிற்கும்போது வண்டி அணைந்துபோகும். செல்ஃப் அடித்தால் உடனே பிடித்துக்கொள்ளும், அப்புறம் நான்கு நாளைக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. இருபது வயதைத் தாண்டிய என் பெட்ரோல் பிக்கப் ஏழு மாதம் என்னை இப்படித்தான் அலைக்கழித்தது. ஆறு சிலிண்டர், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், கேபிளில் இழுக்கும் த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தகடு). இந்த நோய்க்குப் பொதுவாக இரண்டு வைத்தியம் உண்டு: சந்தேகப்படும் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது, அல்லது எதையும் கழற்றுவதற்கு முன் அளந்து பார்ப்பது. நான் முதல் வழியில் போய் மூன்று பாகம் வாங்கிய பிறகு இரண்டாவதுக்கு வந்தவன், அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

மாற்றிப் பார்க்கும் வழிக்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் பழைய வண்டியில் எப்படியும் மாற்ற வேண்டியவைதான். த்ராட்டில் பாடியில் கரி பிடித்திருந்தால் துடைத்துவிடுவதும், ஐடில் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்வதும் அரை மணி நேர வேலை. பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடவும் கூடும். வண்டி தினமும், எல்லா சிக்னலிலும் அணைகிறது என்றால் இந்த வழி போதும், ஏனென்றால் சரியானதா இல்லையா என்பது மறுநாளே தெரிந்துவிடும்.

என்றைக்கோ ஒருநாள் அணையும் வண்டியில்தான் சிக்கல். பிளக் மாற்றினேன், பன்னிரண்டு நாள் அணையவில்லை. பெட்ரோல் ஃபில்டர் மாற்றினேன், மூன்று வாரம் நிம்மதி. ஐடில் வால்வைப் புதிதாகப் போட்ட பிறகு ஐந்து வாரம் ஓடியது, தீர்ந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லியும்விட்டேன். ஒவ்வொரு தடவையும் என்னை ஏமாற்றியது அந்த இடைவெளிதான். தானாக வந்து தானாகப் போகிற கோளாறில், போனது உங்களாலா தானாகவா என்று எப்படிச் சொல்வீர்கள்? வாரம் ஒருமுறை அணைகிற வண்டி இரண்டு வாரம் சும்மா இருந்தால் அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

போதாததற்குப் பாகம் மாற்றும் வேலையே கோளாறைக் கொஞ்ச நாள் மறைத்துவிடும். வேலைக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றினால் பல பழைய வண்டிகளின் கம்ப்யூட்டர் அதுவரை கற்றுவைத்திருந்த எரிபொருள் திருத்தங்களை (பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் கணக்கை) மறந்துவிட்டுப் புதிதாகக் கற்க ஆரம்பிக்கும், அதுவரை ஐட்லிங் நல்லபடியாகவோ மோசமாகவோ வேறு மாதிரி இருக்கும். ஒரு கனெக்டரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினால் உள்ளே பச்சை பிடித்திருந்த உலோக முனை உரசிச் சுத்தமாகிவிடும். பாராட்டு என்னவோ புதுப் பாகத்துக்குப் போய்விடும். பழைய பாகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டால் திரும்பிப் போய்ச் சரிபார்க்கவும் வழியில்லை. மட்டமான புதுப் பாகமாக அமைந்துவிட்டால் வண்டியில் இப்போது இரண்டு கோளாறு.

வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரில் கோடு (கோளாறின் குறியீட்டு எண்) படிப்பதைப் பலர் மூன்றாவது வழி என்பார்கள். என்னைக் கேட்டால் அது மாற்றிப் பார்ப்பதன் இன்னொரு வேஷம். கணநேரக் கோளாறு பல சமயம் கோடு எதையும் விடாது. விட்டாலும் பி0171 என்று வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்ற ஓடுகிறார்கள். பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அந்த சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது, சொன்னவனைப் போட்டு அடிக்கிறோம். அதே ஸ்கேனரில் ஓடிக்கொண்டிருக்கும் எண்களைப் பார்த்தால் கதையே வேறு.

அளக்கும் வழியில் முதல் கருவி காது. வண்டி எப்படி அணைகிறது? சுவிட்சைத் தட்டியதுபோல் பட்டென்று போனால் மின்சாரப் பக்கம்: இக்னிஷன் ரிலே, சுவிட்ச், எர்த் ஒயர், கிராங்க் சென்சார் (எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது). இருமி, திணறி, குலுங்கிச் செத்தால் காற்று அல்லது பெட்ரோல். கியரில் போட்டு பிரேக் அழுத்தினால் மட்டும் அணைகிற ஆட்டோமேட்டிக் என்றால், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பூட்டும் கன்வர்ட்டர் கிளட்ச் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், இதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். என்னுடையது திணறிச் செத்த ரகம், அதுவும் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மட்டும்.

பெட்ரோல் பக்கத்தைப் பிடிக்க ஒரு பல்பு போதும். பம்புக்குப் போகும் ஒயரிலிருந்து ஃபியூஸ் வைத்து ஒரு சின்ன பல்பை டேஷ்போர்டு வரை இழுத்துவிட்டேன். எஞ்சின் சாவதற்கு முன்பே பல்பு அணைந்தால் ரிலே பக்கம் பார்க்க வேண்டும், எரிந்துகொண்டிருக்கும்போதே எஞ்சின் திணறினால் பம்புக்கு மின்சாரம் போகிறது என்று அர்த்தம். பெட்ரோல் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜைக் கண்ணாடிக்கு வெளியே வைப்பர் அடியில் ஒட்டிக்கொண்டு ஓட்டலாம், ஆனால் பெட்ரோல் ஓஸைக் கேபினுக்குள் கொண்டுவரவே கூடாது, ஃபேனில் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கோளாறு வரும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டியிருக்கிறதே, அந்தக் கஷ்டத்துக்கு இவைதான் மருந்து. மாற்றிப் பார்க்கும் வழியில் அந்த நொடி வீணாகப் போகும், இங்கே அதுதான் சாட்சி.

என் பல்பு அணையவில்லை, பிரஷரும் இறங்கவில்லை. காற்றுப் பக்கம் வந்தேன். எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையைக் காட்டும் வேக்கம் கேஜ் சூடான, நல்ல எஞ்சினில் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலத்தில் (பாதரச அளவு) அசையாமல் நிற்க வேண்டும் (உயரமான இடத்தில், 300 மீட்டருக்கு ஓர் அங்குலம் போலக் குறையும்). என்னுடையது காலையில் 19, சூடான பிறகு சில நாள் 15. ஸ்கேனரில் எரிபொருள் திருத்தம் இரண்டையும் (உடனடித் திருத்தம், நீண்டகாலத் திருத்தம்) கூட்டினால் ஐட்லிங்கில் 20 சதவீதத்துக்கு மேல், 2500 ஆர்.பி.எம்.முக்கு ரேஸ் கொடுத்துப் பிடித்தால் 4. ஐட்லிங்கில் அதிகமாக இருந்து ரேஸ் கொடுத்ததும் இறங்கினால் எங்கோ அளவில் வராத திருட்டுக் காற்று போகிறது. மாறாக ரேஸ் கொடுக்கக் கொடுக்க ஏறினால் பம்ப், ஃபில்டர், காற்றை அளக்கும் சென்சார் என்று தேட வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள், இது உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் மேஃப் சென்சார் வண்டிக்கான கணக்கு. இன்டேக்கில் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை நம்பி ஓடும் வண்டியில் இதே ஓட்டை பெரும்பாலும் ஐடிலை ஏற்றிவிடும், அணைக்காது.

எங்கே கசிகிறது என்று உள்ளே புகை விட்டுப் பார்த்ததில், காற்று போகும் இன்டேக்குக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மூலையில் பி.சி.வி. (எஞ்சினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப இன்டேக்குக்கு அனுப்பும் அமைப்பு) ரப்பர் முழங்கை ஒன்று பிளந்திருந்தது. குளிரில் விறைப்பாக மூடிக்கொள்ளும், சூட்டில் இளகித் திறந்துகொள்ளும், சில நாள் திறக்கவும் திறக்காது. ஒரு விரல் நீள ரப்பர்! வாங்கிய மூன்று பாகமும் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை.

அளக்கும் வழியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். பொறுமை தின்னும், கருவி வேண்டும், கையில் இல்லையென்றால் இரவல் கேட்க வேண்டும். சூட்டில் மட்டும் சாகிற கிராங்க் சென்சாரை அணையும் நொடியில் பிடிக்காவிட்டால் மீட்டரில் நல்லபடியாகவே காட்டும். ஆர்.பி.எம். முள் பட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து, ஆறிய பிறகுதான் வண்டி கிளம்புகிறது என்றால் நானும் அளப்பதை விட்டுவிட்டு அதை மாற்றிவிடுவேன். கார்புரேட்டர் வண்டியில் ஒரே ஒருமுறைதான் வேலை பார்த்திருக்கிறேன், டீசலில் அதுவும் இல்லை. அதனால் மேலே சொன்ன எண்களை அங்கே அப்படியே கொண்டுபோகாதீர்கள்.

முழங்கையை மாற்றிய அன்றே, சூடான எஞ்சினில் திருத்தம் 3 சதவீதத்துக்கு இறங்கியது, வேக்கம் 19இல் நின்றது. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு குறுகுறுப்பில், எடுத்துவைத்திருந்த பழைய ஐடில் வால்வைத் துடைத்துத் திரும்ப மாட்டினேன். நான்கு மாதமாக அதுதான் ஓடுகிறது, புதுசு டப்பாவில் கிடக்கிறது.